இரண்டாவது கோடு

ஷெஹ்னாஸ் வந்தபோது நான் லேபுக்கு வெளியே இருக்கும் சிங்க்கில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளிலிருந்து வடிந்த தண்ணீர் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது.

அவள் சிங்க்குக்குப் பக்கத்தில் இருந்த என் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தாள். ஒன்று லாக்கர் சாவி. இன்னொன்று இஸ்திரி போட்டு மடித்த வெள்ளைக் கோட்டு. கோட்டுப் பையின்மேல் அவள் பெயர் தைத்திருந்த நூலைப் பிரித்து எடுத்திருந்தாள், அடுத்து வருகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று. ஊசித் துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

"தீதி, ஒண்ணு கேக்கலாமா?"

நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது வங்காளத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன், அக்கா என்று பொருள்படும் தீதியை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.

"கேளு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

குழாயை மூடினேன். துடைக்கத் துணி தேடினேன். துணி கையிலேயே இருந்தது.

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். பதிலும் தெரியும். உங்களுக்கு அது விளங்க வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த வயதில் பின்னால் போவதென்றாலே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் போய்த்தான் வர வேண்டும்.

கத்தரிக்கோல் காலம்

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் குரோமோசோம்களைக் கத்தரிக்கோலால் வெட்டிய கதையை எழுதியிருந்தேன். நம்ப முடியவில்லை என்று இரண்டு பேர் கடிதம் போட்டிருந்தார்கள். நம்பலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மரபணு ஆராய்ச்சி என்பது பாதி தையல் கடை மாதிரிதான் இருந்தது.

மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போடுவோம். நாற்பத்தாறு குரோமோசோம்களையும் ஒவ்வொன்றாக வெட்டி, ஜோடி சேர்த்து, அட்டையில் பசை போட்டு ஒட்டுவோம். அப்போது மின்விசிறி போடக் கூடாது, துண்டுகள் பறந்துவிடும். கல்கத்தாவின் மே மாதத்தில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த வேலை என்னவென்று தெரியும். ஒருமுறை பக்கத்து மேசைக்காரர் தும்மி, இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று பீரோவுக்கு அடியில் போய்விட்டது. நாலு பேர் தரையில் படுத்துத் தேடினோம்.

அப்பா ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு, தென் கல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியின் மரபியல் பிரிவில் டெக்னீஷியன் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

கத்தரிக்கோல் போய் கம்ப்யூட்டர் வந்தது. அப்புறம் மரபணுவையே எழுத்தெழுத்தாகப் படிக்கிற இயந்திரம் வந்தது. எங்களுக்கு அத்தனை வருடம் கேட்டும் கிடைக்காத ஏசி அந்த இயந்திரத்துக்கு வந்த அன்றே கிடைத்தது. அதைச் சாக்கிட்டு நாங்களும் அந்த அறையில் போய் உட்கார்ந்து சாப்பிடப் பார்த்தோம், துரத்திவிட்டார்கள்.

இயந்திரத்துக்குப் பின்னாலேயே வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளைகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். எந்நேரமும் "சுகந்தி தீதி, சுகந்தி தீதி" என்பார்கள். தமிழோ ஹிந்தியோ பேசுகிற குடும்பம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குடும்ப வரலாறு கேட்டு ஃபாரம் நிரப்புவது இப்படித்தான் என் வேலையானது. என் பதவியில் அது எழுதியிருக்கவில்லை. அதற்கென்று ஒரு பதவி பிற்பாடு வந்தபோது முதுகலைப் பட்டம் வேண்டும் என்றார்கள். அந்தப் பதவிக்கு வந்த பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது நான்.

கட்டுரைகள் வெளியாகும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எனக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். கொஞ்ச காலம் அதைத் தேடிப் படித்தேன். அப்புறம் கண்ணாடி மாற்ற வேண்டி வந்தது, தேடுவதை விட்டுவிட்டேன்.

போர்டில் என் வீடு

எங்கள் வேலையில் ஒரு குடும்பத்தைப் படமாகப் போடுவோம். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு கோடு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு.

புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் நாள் தன் குடும்பத்தையே போர்டில் போட்டுக் காட்ட வேண்டும். இது இன்று வரை எங்கள் லேபில் வழக்கம். நான் சேர்ந்த அன்றைக்கும் நடந்தது. அப்போது சாக்பீஸ், கரும்பலகை.

பயிற்சி கொடுத்தவர் இரட்டைக் கோட்டை விளக்கிக்கொண்டிருந்தார். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவன், "மெட்ராஸ் பக்கம் மாமாவையே கட்டிக்குவாங்களாம் சார்" என்றான். அறை முழுக்கச் சிரிப்பு. அதில் விஷம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மாமா என்ற சொல் அவர்களுக்கும் மாமாதான். வங்காளிக் குழந்தைக்கு மாமா வீடு என்றால் பள்ளி விடுமுறை, மீன், பாயசம், செல்லம். அந்த மாமாவைக் கல்யாணம் செய்துகொள்வது என்பது அவர்களுக்கு நினைக்கவே முடியாத காரியம்.

அடுத்து என் முறை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு கோடு வேண்டும். அம்மாவுக்கு இதில் ஒரு கூச்சமும் கிடையாது. குவார்ட்டர்ஸில் நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுப் பெண், "நீங்கள் ஏன் வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டபோது, "அமார் மாமா, அமார் பொர்" என்று தனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னாள். என் மாமாதான், என் புருஷன். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். செய்தி இரண்டே நாளில் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவியது. பள்ளி பஸ்ஸில் என்னை ஒரு வருடம் ஓட்டினார்கள். அம்மா படாத வெட்கத்தையெல்லாம் நான் பட்டேன்.

சாக்பீஸை எடுத்தேன். சதுரம் போட்டேன், வட்டம் போட்டேன். நடுவில் ஒற்றைக் கோடு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பெரிய பொய் ஒன்றும் இல்லை. ஒரு விரல் நீளச் சாக்பீஸ் கோடு. ஆனால் அதற்கப்புறம் எத்தனையோ வருடம் எத்தனையோ குடும்பங்களிடம், "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்லுங்கள்" என்று பேசியிருக்கிறேன். பேசும்போதெல்லாம் அந்தக் கரும்பலகை ஞாபகத்துக்கு வரும்.

முதல் வரிசை

இந்த இயந்திரங்கள் வந்த பிறகு புதிதாக ஒரு சங்கடம் வந்தது. ஒருவருடைய மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது நோயா, வெறும் மச்சம் மாதிரி சாதாரண விஷயமா என்று எப்படித் தெரியும்? ஏற்கெனவே படித்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான பேரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் படித்து வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். நம் ஆட்கள் கொஞ்சம். அதனால் நம் குழந்தைகளின் ரிப்போர்ட்டில் 'அர்த்தம் தெரியவில்லை' என்ற வரி அடிக்கடி வரும். அந்த வரியைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்வது என் பங்கு.

இதைச் சரிசெய்ய பல தரப்பு மக்களின் மரபணுவையும் படிக்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து ஒரு திட்டம் வந்தது. பல தரப்பு மக்களும் லேபில் வேலை செய்ய வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. படம் கேட்டார்கள். போட்டோ எடுக்க ஆள் வந்தபோது என்னைக் கூப்பிட்டு முதல் வரிசையில் நிறுத்தினார்கள். என் பக்கத்தில் ஷெஹ்னாஸ்.

ஷெஹ்னாஸ் மட்டியாபுருஜில் பிறந்தவள். கார்டன் ரீச்சை ஒட்டி, வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடுகிற இடம். அவள் அப்பாவும் தையல்காரர்தான். அந்தச் சந்திலிருந்து முதுகலை அறிவியல் வரை படித்த முதல் பெண் இவள். ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கை அத்தனை சுத்தம். ரத்த ட்யூப் வந்த நேரத்தை நிமிடத்தோடு எழுதுவாள். எங்கள் லேபில் அப்படி எழுதியது அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் கிடர்பூர் வரை போவோம். அங்கிருந்து நான் பெஹாலா, அவள் கார்டன் ரீச் பக்கம். துறைமுக லாரிகள் குறுக்கே நின்றுவிட்டால் முக்கால் மணி நேரம் கூட ஆகும். அந்த நேரத்தில் எவ்வளவோ பேசியிருக்கிறோம்.

போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

மாமியார் சொன்ன வார்த்தை

போன வருடம் மழைக்காலம் தொடங்குகிற நேரம். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் முருகேசன், அவன் மனைவி தேவி, இரண்டு வயதாகியும் தலை நிற்காத அவர்கள் பெண் குழந்தை, மூவரும் வந்தார்கள். கூடவே ஒத்தாசைக்கு விருதுநகரிலிருந்து வந்திருந்த தேவியின் அம்மா. குழந்தைக்கு என்ன நோய் என்று இரண்டு வருடமாக யாரும் பெயர் சொல்லவில்லை.

ஃபாரத்தைப் படித்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். சொந்தத்தில் கல்யாணமா என்ற கேள்வி வந்தது.

"இல்லக்கா. அவுக வெளியாளு" என்றாள் தேவி.

'இல்லை' என்று எழுதினேன். படத்தில் ஒற்றைக் கோடு போட்டேன். அந்த நேரம் பார்த்துத் தேவியின் அம்மா தன் மருமகனிடம் சொன்னார்: "டேய், பிள்ளய எங்கிட்டக் குடுத்துட்டுப் போயி ஏதாச்சும் தின்னுட்டு வாடா. காலைல இருந்து வெறும் வயித்தோட நிக்கிற."

எங்கள் பக்கம் எந்த மாமியாரும் மாப்பிள்ளையை 'டேய்' என்று கூப்பிட மாட்டார். மாப்பிள்ளை எவ்வளவு சின்னவனாக இருந்தாலும் சரி. கூடப் பிறந்த தம்பியைத்தான் அப்படிக் கூப்பிட முடியும். அறையில் இருந்த வங்காளிகள் யாருக்கும் அது காதில்கூட விழுந்திருக்காது. என் பேனா நின்றது. நின்றதைத் தேவி பார்த்துவிட்டாள்.

பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தாள். "அக்கா, அத மட்டும் எழுதாதீங்கக்கா. முந்தி போன ஆசுபத்திரியில, சொந்த மாமனையாம்மா கட்டுனன்னு அந்த டாக்டரம்மா சத்தமாக் கேட்டாக. வரிசைல இருந்த அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாக. எங்க குவார்ட்டர்சுப் பொம்பள ஒண்ணும் அங்கன இருந்துச்சு. அதுலருந்து எம் பிள்ளய ஒருத்தரும் தூக்குறதில்ல."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதை யாருக்கும் காட்ட மாட்டோம், சத்தமாகக் கேட்கவும் மாட்டோம், ஆனால் குழந்தையின் நோயைக் கண்டுபிடிக்க இது வேண்டும், என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது பள்ளி பஸ்தான் ஞாபகம் வந்தது.

"சரிம்மா" என்றேன். ஃபாரத்தின் அடியில் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து நாள்

இரண்டு மாதம் கழித்து அனிர்பான் கூப்பிட்டான். எங்கள் பிரிவை இப்போது நடத்துகிறவன், முப்பத்தைந்து வயது இருக்கும். மானிட்டரைத் திருப்பிக் காட்டினான்.

நம் எல்லோருக்கும் மரபணு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டுக்கும் அங்கங்கே வித்தியாசம் இருக்கும். தேவியின் குழந்தைக்கு நீள நீளமான இடங்களில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பெற்றோர் நெருங்கிய சொந்தமாக இருந்தால்தான் அப்படி வரும்.

"ஃபாரத்துல இல்லைன்னு இருக்கு தீதி. அதே நாள் மட்டியாபுருஜிலிருந்து இன்னொரு பெண் குழந்தை ட்யூப் வந்திருக்கு. அந்தப் பெற்றோர் சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை. ட்யூப் மாறியிருக்கு."

அன்றைக்கு இரண்டு ட்யூப்களையும் வாங்கி லேபிள் ஒட்டியவள் ஷெஹ்னாஸ். அந்த இன்னொரு குழந்தையின் ட்யூப் இயந்திரத்துக்குப் போய் ரிப்போர்ட் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஷெஹ்னாஸின் ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம். லேபில் எந்தத் தப்பையும் பொறுப்பார்கள், ட்யூப் மாறினால் மட்டும் மன்னிப்பு இல்லை. ஒரு குழந்தையின் நோயை இன்னொரு குழந்தைக்குச் சொல்லிவிடுகிற காரியம் அது.

ட்யூப் மாறவில்லை என்று அந்தக் கட்டடத்தில் நிச்சயமாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். வாயைத் திறந்திருக்கலாம். "தேவியிடம் இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கிறேன்" என்ற ஒரு வரி போதும். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன்.

வாக்குக் கொடுத்தேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. கேள்வி எங்கே தொடங்கினாலும் எங்கே வந்து முடியும் என்று எனக்குத் தெரியும். நீங்களும் தமிழ்தானே தீதி, உங்களுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று, உங்கள் வீட்டிலும் உண்டா?

மூன்றாம் நாள் பஸ்ஸில் ஷெஹ்னாஸ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிடர்பூருக்கு முன்னால் லாரிகள் நின்றுவிட்டன.

"தீதி, வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க."

"நடந்ததை எழுது."

"என்ன நடந்துச்சுன்னு எழுதறது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கைவண்டிக்காரர் ஒருவர் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே வண்டியை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நுழைத்து முடிக்கும் வரை பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தேவிக்குப் போன் செய்தேன். சந்தேகம் தீர வேண்டுமானால் குழந்தைக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கோட்டைத் திருத்த வேண்டும், எப்படிக் கேட்பதென்று ஐந்து நாளாக யோசிக்கிறேன் என்றேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அட, எழுதிக்கங்கக்கா. எம் பிள்ளைக்கு நரம்பே கிடைக்காம போன தடவ நாலு எடத்துல குத்துனாக. இன்னொரு ஊசி வேணாம். இதுக்கா அஞ்சு நாளு யோசிச்சீக?"

இரண்டு நிமிடப் பேச்சு. ஐந்து நாள் நான் பயந்தது தேவிக்காக இல்லை என்று போனை வைக்கும்போது நன்றாகவே தெரிந்தது.

அனிர்பான் அறைக்குப் போய் ஃபாரத்தை வாங்கி, ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன். நீலப் பேனா. அரை நொடி வேலை.

"ஃபாரம் நிரப்பினப்ப உங்களுக்குச் சந்தேகம் வரலையா தீதி?"

"இல்லப்பா. இப்பதான் சொல்றாங்க" என்றேன். அந்த இடத்திலும் பொய்தான் வந்தது.

அவன் பெருமூச்சு விட்டு, டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான். அன்று காலையிலேயே ஷெஹ்னாஸ் கொடுத்துவிட்டுப் போன விளக்கம். லேபிள் ஒட்டும்போது கவனக்குறைவால் இரண்டு ட்யூப்களையும் மாற்றியிருக்கலாம் என்று, அவளுடைய சுத்தமான கையெழுத்தில்.

"மாறலைன்னா சந்தோஷம்தான்" என்றான் அனிர்பான். "ஆனா மாத்தியிருக்கலாம்னு அவளே எழுதிக் கொடுத்தாச்சே. தான் என்ன செஞ்சோம்னே தெரியாதவள எப்படி வெச்சுக்கறதுன்னு மேல கேக்கறாங்க."

மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அடுத்த வாரம் மட்டியாபுருஜ் குழந்தையின் ரிப்போர்ட்டும் வந்தது. எல்லாம் ஃபாரத்தில் எழுதியிருந்தபடியே இருந்தது. யாருக்கும் கைதவறவில்லை.

தேவியின் குழந்தைக்கும் ஒருவழியாக நோயின் பெயர் கிடைத்தது. 'அர்த்தம் தெரியவில்லை' என்று நின்றிருந்த ஒரு மாற்றத்துக்கு, பெற்றோரின் சொந்தம் தெரிந்த பிறகுதான் வலு வந்தது. மருந்து கிடையாது. அடுத்த குழந்தை என்று வந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது, அவ்வளவுதான். "நாங்க கட்டிக்கிட்டதாலதானாக்கா?" என்று தேவி கேட்டாள். "உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரே முன்னோர் குடுத்தது இருந்திருக்கு. நீங்க பண்ணின தப்பு எதுவும் இல்லம்மா" என்றேன். சொல்லும்போது நான் தலையைக் குனியவில்லை. அந்த ஒரு நாளாவது அதைச் சரியாகச் செய்தேன்.

சாவியும் கோட்டும்

இனி அந்த மேசைக்கு வருகிறேன். இது மாதக் கடைசி நாள், மட்டியாபுருஜ் ரிப்போர்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்னால்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஷெஹ்னாஸ் நின்றுகொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் முகத்தில் அது இல்லை.

"தெரியும்" என்றேன். "முதல் நாளே தெரியும்."

தலையை ஆட்டினாள். "எனக்கும் தெரியும் தீதி."

நான் டிபன் டப்பாவைக் கீழே வைத்தேன்.

"உங்க அம்மா உங்க அப்பாவ மாமான்னு கூப்பிடுவாங்கன்னு ஒரு தடவ பஸ்ல சொன்னீங்க. தூக்கக் கலக்கத்துல சொன்னீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அனிர்பான் அண்ணா ட்யூப் மாறிடுச்சுன்னு சொன்னதும் ரிஜிஸ்டரப் பாத்தேன். ரெண்டு ட்யூபுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம். மாற வழியே இல்ல. இவங்களும் உங்க வீடு மாதிரின்னு புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா உனக்கு எப்படித் தோணிச்சும்பாங்க. எங்க வீட்டுலயும் அம்மாவும் அப்பாவும் அக்கா தங்கச்சி பிள்ளைங்கதான். முதல் நாள் போர்டுல நான் ஒத்தக் கோடுதான் போட்டேன். நீங்கதான் அன்னிக்கு மார்க்கர் குடுத்தீங்க."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அவள் கொஞ்சம் தயங்கிய ஞாபகம். கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். நான் எப்படிக் கண்டுபிடிக்காமல் போனேன் என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

"அதுக்காகப் பண்ணாத தப்பப் பண்ணேன்னு எழுதுவியா?"

அவள் குடையை எடுத்துக்கொண்டாள். கதவு வரை போனவள் திரும்பினாள்.

"ஃபாரத்துல உங்க கையெழுத்து இருந்துச்சே, தீதி."

அவள் போன பிறகு அனிர்பானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தேதான் எழுதினேன் என்றேன். அவன் ஷெஹ்னாஸின் விளக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான். மேலே பேசுகிறேன் என்றான், பேசவும் பேசினான். வேறு ஆளைப் போட்டாகிவிட்டது என்று மேலே சொன்னார்கள். எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கக்கூட இல்லை. ஷெஹ்னாஸ் இப்போது நியூ டவுன் பக்கம் ஒரு தனியார் லேபில் ட்யூப் வாங்கி வைக்கிறாள். இயந்திரத்தைத் தொட விடுவதில்லையாம். நான் போன் செய்தால் எடுக்கிறாள், நன்றாகவே பேசுகிறாள்.

வரவேற்பறையில் அந்த போட்டோ இன்னும் மாட்டியிருக்கிறது. முதல் வரிசையில் நாங்கள் இருவரும் அப்படியே நிற்கிறோம்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் நான் இன்னும் அந்தக் கரும்பலகை முன்னால்தான் நிற்கிறேன் என்று ஆகிவிடும். இந்தத் தொடரின் மூன்றாவது வாரம் என் பெற்றோரின் கல்யாணப் படம் வந்தது. அப்பாவை அம்மாவுக்கு அடுத்த தெருக்காரர் என்று எழுதியிருந்தேன். தமிழில், தமிழ்ப் பத்திரிகையில், இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் கை அப்படியே எழுதிவிட்டது.

வாசகர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். அப்பா, அம்மாவின் தாய்மாமன். அடுத்த தெரு இல்லை, ஒரே வீடு.